பாட்டு யார் பெயரில் போகிறது?

ஜவ்வாது மலையில் ஒரு திருவிழாப் பாட்டைப் பதிவு செய்ய இன்று பெரிய முதலீடு தேவையில்லை. ஓரளவு நல்ல மைக், ஒரு மடிக்கணினி, போளூரிலோ திருவண்ணாமலையிலோ மிக்ஸிங் தெரிந்த ஒரு தம்பி இருந்தால் வேலை முடிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தப் பாட்டை ஸ்பாட்டிஃபையிலோ ஜியோசாவனிலோ ஆப்பிள் மியூசிக்கிலோ பாடியவரே நேரடியாக ஏற்ற முடியாது. ஸ்பாட்டிஃபை 2018-இல் அப்படியொரு வசதியைச் சில கலைஞர்களுக்கு மட்டும் திறந்து பார்த்தது. அடுத்த ஆண்டே மூடிவிட்டது. ஆகவே நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி, ரூட்நோட் என்று உலகம் முழுக்க இந்தத் தொழிலைச் செய்யும் நிறுவனங்கள் பல. நம் ஊர்களிலோ, யூடியூப் சேனல் நடத்திக்கொண்டே ‘ரிலீஸ் நாங்க பாத்துக்குறோம்’ என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

யாரிடம் போவது என்று கேட்டால் எல்லோரும் கட்டணப் பட்டியலைத்தான் எடுத்து வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டணம் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. படிவத்தில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாளைக்குப் பணம் கட்ட முடியாமல் போனாலோ, வேறு இடத்துக்கு மாற நினைத்தாலோ பாட்டு என்ன ஆகும் என்பது அடுத்தது. சென்னையில் மாதச் சம்பளத்தோடு இசையும் செய்கிற ஒருவருக்கு இந்த இரண்டும் தலைபோகிற விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். மலையிலிருந்து பாடுகிறவருக்கு எல்லாமே இவற்றில்தான் இருக்கிறது.

ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் புளியும் தேனும் வரும் மாதங்களில் கையில் கொஞ்சம் காசு புரளும். மற்ற மாதங்களில் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போவார்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. வருமானம் இப்படி வந்து வந்து போகிற வீட்டில், ஆண்டுதோறும் தவறாமல் கட்ட வேண்டிய சந்தா என்பது எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடக்கூடிய கயிறு. கேட்பவர்கள் யார் என்ற கணக்கும் இங்கேதான் தொடங்குகிறது. மலைப்பாட்டின் முதல் ரசிகர், இரவு வேலை முடிந்து தோட்டத்து லைன் வீட்டில் போனைக் கையில் எடுக்கிற சொந்த ஊர்க்காரர்.

விநியோக நிறுவனங்கள் காசு வாங்கும் முறை மூன்று விதம். டிஸ்ட்ரோகிட் 2013-இல் தொடங்கப்பட்டது. ஆண்டுச் சந்தா கட்டினால் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஸ்பாட்டிஃபை போன்ற இசைக் கடைகளிலிருந்து வரும் ராயல்டியில் பங்கு கேட்பதில்லை. 2006 முதல் இயங்கும் டியூன்கோர், முன்பு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆண்டுதோறும் தனித்தனியாக வசூலித்தது. 2022-இல் அதுவும் சந்தா வழிக்கு வந்தது. இப்போது அது பாரிஸைச் சேர்ந்த பிலீவ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, இந்தியாவிலும் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. 1998-இல் டெரெக் சிவர்ஸ் தொடங்கிய சிடி பேபி, ஒரு வெளியீட்டுக்கு ஒரே ஒரு முறை ஏறத்தாழ 10 டாலர் வாங்கிக்கொண்டு, பிறகு வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் ரூட்நோட், முன்பணமே வாங்காமல் 15 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. விலைகள் அவ்வப்போது மாறும், முறைகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஆண்டுச் சந்தா 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதம் பிடிக்கும் இடத்தில் அதே 25 டாலர் கழிவதற்கு, ஆண்டுக்கு 166 டாலருக்கு மேல் சம்பாதித்திருக்க வேண்டும். அதற்குக் கீழே சம்பாதிக்கிறவருக்குச் சந்தா நஷ்டம். ஐந்து ஆண்டுகளில் இரண்டே பாட்டு வெளியிடும் ஒரு குழு சந்தா வழியில் 125 டாலர் கட்டியிருக்கும். ஒரே முறை கட்டும் வழியில் 20 டாலரும் 9 சதவீதமும்தான். மாதம் இரண்டு பாட்டு வெளியிடுகிற, கேட்பவர் கூட்டம் உள்ள ராப் பாடகருக்குக் கணக்கு தலைகீழாகும், அவருக்குச் சந்தாதான் லாபம். திருவிழாவுக்கு ஒன்று, தைக்கு ஒன்று என்று பாடுகிற மலைக் குழு அந்த ராப் பாடகரின் யூடியூப் ஆலோசனையைக் கேட்டு நடக்கக் கூடாது.

சந்தா நின்றால் என்ன நடக்கும்? பெரும்பாலான சந்தா நிறுவனங்களில் பாட்டு எல்லாக் கடைகளிலிருந்தும் இறக்கப்படும். டிஸ்ட்ரோகிட்டில் ‘லீவ் எ லெகசி’ என்றொரு ஏற்பாடு உண்டு. ஒற்றைப் பாட்டுக்கு 29 டாலர், ஆல்பத்துக்கு 49 டாலர் என்று ஒரு முறை கூடுதலாகக் கட்டினால், சந்தா போனாலும் பாட்டு நிற்கும். அதைக் கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த சந்தா மலிவாக இருப்பதில்லை. பணம் கையில் இருந்தாலும் கட்டணம் போய்ச் சேராமல் போவதும் உண்டு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அட்டை வழியே மாதந்தோறும் ஆண்டுதோறும் தானாகப் போய்க்கொண்டிருந்த பணம் பலருக்கு அப்படியே நின்றது. ஜன்தன் கணக்கோடு வரும் ரூபே அட்டையைப் பல வெளிநாட்டு இணையதளங்கள் ஏற்பதே இல்லை. அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடவும் வேண்டும். புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சலைக் குடகில் மிளகு பறித்துக்கொண்டிருப்பவர் பார்த்திருக்க மாட்டார். ஊருக்குத் திரும்பும்போது பாட்டு இருக்காது.

ஆகவே என் தீர்ப்பு வெளிப்படையானது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாட்டு வெளியிடும் மலைக் கலைஞருக்குச் சந்தா வேண்டாம். ஒரே முறை கட்டும் வழியோ, பங்கு பிடிக்கும் வழியோதான் சரி. பங்கு பிடிக்கும் வழியில் ஒரு குறையும் இருக்கிறது. ரூட்நோட் போன்ற இடங்களில் 50 டாலர் சேரும்வரை பணம் கைக்கு வராது. சின்னக் குழுவுக்கு அந்த 50 டாலர் சேரவே ஆண்டுகள் ஆகலாம்.

ஒரு விநியோகஸ்தரை விட்டு இன்னொருவரிடம் மாறுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இலக்கக் குறியீடு உண்டு. நாட்டுக்கு இரண்டு எழுத்து, பதிவு செய்தவருக்கு மூன்று, ஆண்டுக்கு இரண்டு, பாட்டுக்கு ஐந்து. விநியோகஸ்தர் இதை இலவசமாகவே தருவார். அந்த எண் பாட்டோடு கடைசிவரை வரும். புதிய இடத்துக்குப் போகும்போது அதே எண்ணையும் அதே ஒலிக்கோப்பையும் அதே தலைப்பையும் கொடுத்தால், இதுவரை கேட்கப்பட்ட எண்ணிக்கை அழியாமல் தொடரும். புது எண் வாங்கினால் பாட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே இந்தக் குறியீடுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்வேன். வேவ் கோப்பையும் அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். சி.டி. தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி., நான்கு நிமிடப் பாட்டுக்கு 40 எம்.பி. சிக்னலுக்கு மேட்டில் ஏற வேண்டிய குக்கிராமங்களிலிருந்து இதை ஏற்றுவது பாடு. போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கித்தான் பலர் ஏற்றுவார்கள். அப்படி இறங்கும்போது கணக்கையும் கடவுச்சொல்லையும் ஏற்றிக் கொடுக்கும் கணினிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவதுதான் பெரிய ஆபத்து. எந்த மின்னஞ்சலில் கணக்கு திறக்கப்பட்டதோ, எந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வருகிறதோ, அவர்தான் நடைமுறையில் முதலாளி.

கடைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘150 கடைகளுக்கு அனுப்புகிறோம்’ என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். மலைப்பாட்டுக்கு நாலைந்து இடம் போதும். முக்கியமான இடம் யூடியூப், சந்தேகமே வேண்டாம். ஜியோசாவன், ஸ்பாட்டிஃபை, அமேசான், ஆப்பிள் எல்லாம் அதற்குப் பிறகு. இந்தியாவில் இந்த இசைக் கடைகள் நிலையாக நிற்பதும் இல்லை. ரெஸ்ஸோ என்ற செயலி 2024 ஜனவரியில் இங்கே மூடப்பட்டது. அதே ஆண்டில் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. கானா 2022-இல் இலவசமாகக் கேட்கும் வழியை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. டிக்டாக் 2020 ஜூனில் தடைசெய்யப்பட்டதும் அந்தக் கூட்டம் ரீல்ஸுக்கு நகர்ந்தது. ஆகவே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் ஒலித்தொகுப்பில் பாட்டு சேருமா என்று கேட்பது அவசியம். இன்னொரு கேள்வியை வெளிநாட்டு ஒப்பீட்டுக் கட்டுரை எதிலும் பார்க்க முடியாது: காலர் டியூன் உண்டா? நம் கிராமங்களில் ஒரு பாட்டு ‘ஹிட்’ ஆகிவிட்டது என்பதற்கு இன்றும் அடையாளம் அதுதான். அதை எல்லா விநியோகஸ்தர்களும் செய்வதில்லை. இந்திய நிறுவனங்களோ, இந்தியக் கிளை வைத்திருப்பவர்களோதான் பெரும்பாலும் செய்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே ஓர் இந்திய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை.

பேண்ட்கேம்ப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2008-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ரசிகர் நேரடியாகப் பணம் கொடுத்துப் பாட்டை வாங்கலாம். தளம் 15 சதவீதம் மட்டும் எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம் பேபால் வழியாக வருகிறது. பேபால் 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளான பரிவர்த்தனைகளை நிறுத்திவிட்டது. டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் தமிழ் ரசிகர் வாங்குவார் என்றால் அங்கே ஒரு பக்கம் திறந்து வைக்கலாம். மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருக்கும் ரசிகருக்கு அது உதவாது.

இனி வருமானம். ஒரு முறை கேட்டால் இவ்வளவு காசு என்று எந்தக் கடையும் நிலையான விலை வைப்பதில்லை. அந்தந்த நாட்டில் சந்தாவிலும் விளம்பரத்திலும் வந்த மொத்தப் பணத்தை, மொத்தக் கேட்பில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கின்படி பிரிக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா ரூ.119. அமெரிக்காவில் அப்போது 9.99 டாலர். அண்டா சிறிதென்றால் அதிலிருந்து கிடைக்கும் கரண்டியும் சிறிதாகத்தான் இருக்கும். மாதாந்திர அறிக்கையைத் திறந்து பாருங்கள். கடை, நாடு, மாதம், ஐ.எஸ்.ஆர்.சி., எண்ணிக்கை என்று வரிசையாகப் போய், தொகைப் பத்தியில் புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்களாக நிற்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு மனசு விட்டுப்போகும். 2024 முதல் ஸ்பாட்டிஃபை இன்னொரு விதியும் கொண்டுவந்தது. ஒரு பாட்டு கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படவில்லை என்றால், அந்தப் பதிவுக்கு ராயல்டியே கிடையாது. பத்துப் பாட்டு, ஒவ்வொன்றும் 600 முறை கேட்கப்பட்டது என்றால் மொத்தம் 6,000. கையில் வருவது பூஜ்யம். மலைக் குழுக்களைப் போன்றவர்களைத்தான் இந்த விதி தாக்குகிறது. அவர்கள் பங்குக்குரிய சில்லறை ஏற்கெனவே கேட்கப்படுபவர்களின் பக்கம் போகிறது என்பதை எவ்வளவு நாகரிகமாகச் சொன்னாலும் அநியாயம் அநியாயம்தான்.

இந்தப் பள்ளத்தைத் தாண்டுவதற்காக, ‘பத்தாயிரம் ஸ்ட்ரீம் ஏத்தித் தர்றோம்’ என்று இன்ஸ்டாகிராமில் கூவுகிறவர்களிடம் பணம் கட்டுவது மிகப் பெரிய தவறாகும். செயற்கையாக ஏற்றிய எண்ணிக்கையைக் கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை இப்போது விநியோகஸ்தருக்கு அபராதம் போடுகிறது. அவர் அதைக் கலைஞர் தலையில் கட்டுவார், அல்லது பாட்டையே இறக்கிவிடுவார். இப்படி ஒரு புகார் வந்தால் கலைஞரிடம் விளக்கம் கேட்கும் வழி இருக்கிறதா, மனிதர் யாராவது பதில் சொல்வார்களா என்பதை விநியோகஸ்தரைத் தேர்வதற்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். கணக்குத் திறக்கும் முன் ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்புங்கள். பதில் எத்தனை நாளில், எந்தத் தொனியில் வருகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

வரியும் உண்டு. அமெரிக்க விநியோகஸ்தர் என்றால் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் கிடைக்கும் ராயல்டியில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அது 15 சதவீதமாகக் குறையும். பான் அட்டை இல்லாதவர் இந்த வேலையைத் தொடங்கும் முன்பே அதை வாங்கிவிடுவது நல்லது.

இவ்வளவும் பதிவுக்குக் கிடைக்கும் பணம். பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் தனியாக ஓர் உரிமைத்தொகை உண்டு, அதை விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் வசூலிப்பதில்லை. இந்தியாவில் அந்த வேலையைச் செய்வது 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு. 2017-இல் பதிப்புரிமைச் சங்கமாக மறுபடி பதிவு பெற்றது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அதில் உறுப்பினராகலாம், வாரிசையும் குறிப்பிடலாம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் அவர்களுக்கு ஒரு பெரிய கவசம். பாட்டின் உரிமையை யாருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. கேசட் காலத்தில் ஒரே தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு பாடிவிட்டுப் போன நாட்டுப்புறப் பாடகர்களுக்கு இந்தச் சட்டம் முப்பது வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

‘ரிலீஸ் நாங்க பாத்துக்குறோம்’ என்று வருகிற உள்ளூர் சேனல்காரரிடம் கையெழுத்துப் போடும் முன் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். எந்தப் பகுதிக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாத வரை, அது எழுதிக் கொடுத்தவருக்கே திரும்பிவிடும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்’ என்ற வரி இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். விநியோகஸ்தருக்குத் தேவைப்படுவது பாட்டைக் கடைகளுக்கு அனுப்பும் அனுமதி மட்டும்தான். புளியை மண்டிக்கு இறக்கினால் கமிஷன் கொடுப்போம், புளியமரத்தை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

பெரிய பெயர்களுக்கே இது சிக்கலாகிவிடும் என்பதற்கு நாம் எல்லோரும் பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளியானது. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது, மாஜா என்ற இசைத் தளத்தின் முதல் வெளியீடு. தமிழ்ச் சுயாதீன இசையில் அந்த அளவுக்குப் பரவிய பாட்டு அதற்கு முன் இல்லை. அடுத்த ஆண்டே, பாட்டை உருவாக்கியதில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற வருத்தத்தை அறிவு பொதுவெளியில் எழுதினார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமமாகவே பிரிக்கப்பட்டுள்ளன என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், தங்கள் மூவருக்கும் அந்தப் பாட்டிலிருந்து இதுவரை ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை என்று காணொளியில் சொன்னார். இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட பாட்டை உருவாக்கியவர்கள், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறது என்று பொதுவில் கேட்கும் நிலை வந்ததே, அதைக் கவனித்தால் போதும். எழுதியவர் யார், மெட்டு யாருடையது, பதிவின் உரிமை யாரிடம், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒரு தாளில் எழுதி, பாட்டை ஏற்றும் முன்பே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். சில விநியோகஸ்தர்கள் பங்கைத் தாமே பிரித்து அவரவருக்கு அனுப்பும் வசதி தருகிறார்கள். அதற்குப் பங்காளிகள் ஒவ்வொருவரும் தனிக் கணக்குத் திறக்க வேண்டும். பம்பைக்காரருக்கு மின்னஞ்சலே இல்லை என்றால் அந்தத் தாள் மட்டும்தான் அவருக்குப் பாதுகாப்பு.

இனி அந்தப் படிவத்தையே கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் பெட்டி கலைஞர் பெயர். ‘முருகன்’ என்று மட்டும் போட்டால், அதே பெயரில் உள்ள வேறு ஒருவரின் பக்கத்தில் பாட்டு போய் ஒட்டிக்கொள்ளும். ஊர்ப் பெயரையும் சேர்த்து ஒரு குழுப் பெயர் வைப்பது நல்லது. மலையின் பெயரை ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், தலைப்பைத் தமிழிலும் தர வேண்டும். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. வகைப் பட்டியலில் நாட்டுப்புறம், பக்தி, பிராந்திய இந்தியம் என்று ஏதோ ஒன்றில் அடைக்க வேண்டும். வெளியீட்டு நாள் அடுத்த பெட்டி. டிஸ்ட்ரோகிட்டின் மிகக் குறைந்த கட்டணத் திட்டத்தில் அந்த நாளை நாம் குறிக்க முடியாது. திருவிழாவுக்குச் சரியாக வெளியிட நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கவும் குறைந்தது ஏழு நாள் முன்னதாகப் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு வருகிறது இசையமைப்பாளர் பெட்டி. முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம். இனிஷியலைக் கடைசிப் பெயராகப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் பாட்டு பாட்டியிடமிருந்து வந்தது, பாட்டிக்கு அவளுடைய பாட்டியிடமிருந்து வந்தது என்றால் அங்கே யார் பெயரை எழுதுவது? படிவம் காத்திருக்காது. அவசரத்தில் பாடியவர் தன் பெயரையே போடுவார், அல்லது ஏற்றிக் கொடுக்கும் கடைக்காரர் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். அந்த ஒரு வரியிலிருந்து ஊர்ப்பாட்டு தனிச்சொத்தாகிவிடுகிறது. மரபுப் பாடல் என்று குறிக்கும் வசதி சில படிவங்களில் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். புதிதாகச் சேர்த்த வரிகளும் இசைக்கோப்பும் யாருடையதோ அவர் பெயரை அதற்கு மட்டும் எழுதலாம். பாடிய குரலுக்குச் சட்டம் தனியாக நிகழ்த்துநர் உரிமை தருகிறது. அது பாடியவருடையதுதான்.

இது வெறும் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தைவானின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங் என்ற முதியவரும் அவர் மனைவியும் 1988-இல் பிரான்சில் பாடினார்கள். அங்கே பதிவான அந்தக் குரல்கள், எனிக்மா என்ற இசைக் குழுவின் ‘ரிட்டர்ன் டு இன்னொசன்ஸ்’ பாட்டில் சேர்க்கப்பட்டு உலகெங்கும் ஒலித்தன. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் வந்தன. பாடியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் 1998-இல் வழக்குப் போட்ட பிறகுதான் சமரசம் ஏற்பட்டு அங்கீகாரம் கிடைத்தது. இன்னொரு பக்கம், அட்டப்பாடி இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் தன் மொழியில் பாடினார். வரிகளுக்கும் அவர் பெயரே போடப்பட்டது. 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. பெயர் எழுதப்பட்டதற்கும் எழுதப்படாததற்கும் உள்ள தூரம் இவ்வளவு.

யூடியூபின் கன்டென்ட் ஐடி வசதியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. விநியோகஸ்தர் தனிக் கட்டணமோ ஒரு பங்கோ வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருவார். பாட்டு யூடியூபில் எங்கே ஒலித்தாலும் தானாகக் கண்டுபிடித்து அந்த விளம்பர வருமானத்தை நம் பக்கம் திருப்பும். சொந்தமாக எழுதி மெட்டமைத்த பாட்டுக்கு நல்லதுதான். வேடியப்பன் கோவிலில் எல்லோரும் பாடும் பாட்டின் பதிவை இதில் சேர்த்தால், அடுத்த திருவிழாவில் ஒலிபெருக்கியில் அந்தப் பதிவு ஓடும்போது ஊர்ப் பையன்கள் எடுத்துப் போடும் ஒவ்வொரு வீடியோவுக்கும் காப்பிரைட் கிளெய்ம் போகும். சொந்த ஊரின் சாமி பாட்டுக்கு ஊர்க்காரனே உரிமை இல்லாதவன் ஆகிவிடுவான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பீட்டை வைத்துச் செய்த பாட்டையும் சேர்க்கக் கூடாது. அதே பீட்டை வைத்திருக்கும் நூறு பேரோடு சண்டை வரும், கணக்கே முடங்கும்.

கூட்டுச்சொத்தான பாட்டுக்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை. எழுதியவர் இறந்து 60 ஆண்டு என்ற கணக்கு, எழுதியவர் யார் என்று தெரிந்த பாட்டுக்குத்தான் பொருந்தும். ஆகவே ஊர்ப்பாட்டைக் காக்கும் இந்தக் கடைசிச் சுமையைத் தனிக் கலைஞர்கள் தலையில் போடுவது நியாயமில்லை. உதகை முத்தோரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழங்குடிகளின் பாட்டுகளுக்காக அது ஒரு லேபிளே நடத்தலாம். இந்தியாவில் ஐ.எஸ்.ஆர்.சி. பதிவுக் குறியீடு தருவது இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பு. அங்கே ஒரு குறியீடு வாங்கி, ஒரு விநியோகஸ்தரோடு ஒரே ஒப்பந்தம் போட்டு, சந்தாவை அரசு கட்டினால் எந்தக் குழுவின் பாட்டும் பணமில்லாமல் இறங்காது. இசையமைப்பாளர் பெட்டியில் ‘மரபு, ஜவ்வாது மலை’ என்று எழுதலாம், பாடியவர் பெயரை முழுதாக எழுதலாம், வருமானத்தில் பாதியைப் பாடியவருக்கும் பாதியை அந்த ஊர்ப் பொதுப்பணத்துக்கும் பிரிக்கலாம். சடங்குப் பாட்டு எது, வெளியே போகலாமா கூடாதா என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, புதுக் கட்டடமும் தேவையில்லை. ஆய்வு மையத்தில் ஒருவர், மலையில் ஒருவர், இருவருக்கும் அந்தப் படிவத்தை நிரப்பத் தெரிந்திருந்தால் வரும் தை மாதத்திலிருந்தே தொடங்கலாம்.